கோடிட்ட இடத்தை நிரப்புக: போட்டோவில் வேண்டாததை ஏ.ஐ. எப்படி எடுக்கிறது?

போன ஆடியில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு எடுத்த படம் ஒன்று என் போனில் இருக்கிறது. ஆச்சி பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் கோயில் ஆலமரம், முகத்தில் சாயங்கால வெயில். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆச்சி, சிரித்தபடி அகப்பட்டது அந்த ஒரு படத்தில்தான். ஆனால் அவள் தலைக்கு மேலே குறுக்காக ஒரு கரண்டுக் கம்பி ஓடுகிறது. இடது ஓரத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக், அதன் ஹேண்டில்பாரில் தொங்கும் மஞ்சப் பை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டலாமா என்று ஆச்சியிடம் காட்டினேன். "படம் நல்லாத்தான் இருக்கு எய்யா. அந்தக் கம்பிய மட்டும் எடுத்துரு. தலையில விழுந்துரும் போல கெடக்கு" என்றாள்.

போனில் இருந்த அழிப்பானைத் திறந்து கம்பியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தேன். நாலைந்து நொடிதான், கம்பி போய்விட்டது. அந்த இடத்தில் வானம். ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "கம்பிக்கு அங்கிட்டு இருந்த வானத்த இது எங்கன இருந்துய்யா எடுத்துச்சு?"

நானும் பல வருடமாகப் படம் எடிட் செய்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கிருந்தும் எடுக்கவில்லை, ஆச்சி. அதுவாக வரைந்தது.

ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு போட்டோவிலிருந்து ஒரு பொருளை 'நீக்குகிறது' என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால், மேசை மேலிருக்கும் டம்ளரை எடுத்ததும் அடியில் மேசை தெரிவது போலத் தோன்றும். போட்டோவுக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. போன் கேமராவில் சாதாரணமாக வரும் 12 மெகாபிக்சல் படம், அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்று அடுக்கிய 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அவ்வளவுதான் படம். கம்பி இருந்த இடத்தில் கம்பியின் எண்கள் இருந்தன. அவற்றைத் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது வெறும் ஓட்டை. கம்பிக்குப் பின்னால் வானம் இருந்தது என்பது நமக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது.

ஆக, அழிப்பதில் ஒரு வித்தையும் இல்லை. ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று ஒரு மார்க் கேள்வி வருமே, அதேதான். முன்னும் பின்னும் இருக்கும் சொற்களைப் பார்த்து நடுவில் என்ன வரும் என்று ஊகிப்பது. படித்த பிள்ளை சரியாக நிரப்பும். படிக்காத பிள்ளையும் சும்மா விடாது, ஏதாவது எழுதி வைக்கும். ஏ.ஐ. இதில் இரண்டாவது பிள்ளையைப் போலவும் நடந்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். அது ஒருபோதும் இடத்தைக் காலியாக விடாது.

ஊறலில் தொடங்கி ஊகம் வரை

இந்த வேலைக்குத் துறையில் இன்பெயிண்டிங் என்று பெயர். அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களின் விரிசலையும் உதிர்ந்த இடத்தையும் நிரப்புகிறவர்களின் சொல் அது. கணினிக்காரர்கள் அதைக் கடன் வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் மார்செலோ பெர்டால்மியோ, கில்லெர்மோ சப்பீரோ உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்தப் பெயரைக் கணினி உலகில் நிலைநிறுத்தியது. அவர்கள் வழி எளிமையானது. ஓட்டையின் விளிம்பில் இருக்கும் நிறத்தையும் கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு போவது. மை ஒற்றும் தாளில் நாலு பக்கமும் மை ஊறி நடுவில் சேருவது போல. கீறல், மடிப்பு, கம்பி மாதிரி ஒடுக்கமான ஓட்டைக்கு இது போதும். ஓட்டை பெரிதானால் நடுவில் சேறு மாதிரிக் குழம்பி நிற்கும்.

அடுத்து வந்தது ஒட்டுப் போடும் வழி. இதற்கு நம் பத்தமடைப் பாயைப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த நல்ல பாயில் எலி கடித்து ஒரு ஓட்டை விழுந்துவிட்டது என்று வையுங்கள். அதே பாயின் வேறொரு மூலையில், அதே வரி ஓடுகிற ஒரு துண்டைப் பார்த்து வெட்டி, ஓட்டையில் வரி பொருந்தும்படி வைத்துத் தைத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கணினி செய்ததும் இதுதான். படத்தில் ஓட்டைக்குப் பொருந்தும் சின்னச் சின்னத் துண்டுகளை அதே படத்தின் மற்ற இடங்களில் தேடி ஒட்டுவது. இந்தத் தேடலைப் பல மடங்கு வேகமாக்கிய பேட்ச்மேட்ச் என்ற முறை 2009இல் வந்தது. 2010இல் போட்டோஷாப் சிஎஸ்5இல், ஓட்டையைத் தானே அடைக்கும் கன்டென்ட்-அவேர் ஃபில் வந்தபோது ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் வாயைப் பிளந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை, படத்தின் ஒரு இடத்தை இன்னொரு இடத்தில் நகலெடுத்துப் பூசும் குளோன் ஸ்டாம்ப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேய்த்த வேலை அது.

ஒட்டுப் போடுவதில் ஒரு கோளாறு உண்டு. பாயில் இல்லாத வரியை அதனால் கொண்டுவர முடியாது. படத்தில் ஒரே தென்னை இருந்தால் அதே தென்னையைப் பக்கத்திலேயே இன்னொரு தடவை நட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே ஓலை ஒரே மாதிரி ஒடிந்திருக்கும். பழைய கல்யாண ஆல்பங்களில் இப்படி இரட்டைப் பிறவி மரங்களைத் தேடிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

மூன்றாவது வழியில்தான் 'படித்த பிள்ளை' வருகிறது. நரம்பு வலையமைப்பு என்னும், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலுக்கு லட்சக்கணக்கான போட்டோக்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு ஓட்டையைப் போட்டு, "இங்கே என்ன இருந்திருக்கும்?" என்று கேட்பார்கள். அது எதையோ வரையும். ஓட்டை போட்டவர்களிடம்தான் அசல் படம் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார்த்து எவ்வளவு தப்பு என்று சொல்வார்கள். அது தன்னைத் திருத்திக்கொள்ளும். மறுபடி ஓட்டை, மறுபடி ஊகம். விடைத்தாள் திருத்த ஆசிரியர் தனியாகத் தேவையில்லை, அசல் படமே விடைத்தாள். 2016இல் தீபக் பாதக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதையில் முக்கியமான அடி. 2021இல் இப்படிப் பழக்கிய லாமா என்ற ஏ.ஐ. மாதிரி (மாடல்) வந்து, பெரிய ஓட்டைகளையும் சமாளிக்கலாம் என்று காட்டியது.

இப்போது பேசப்படும் டிஃபியூஷன் மாதிரிகள் இன்னும் ஒரு படி மேலே. ஓட்டையில் முதலில் பழைய டிவியில் சேனல் கிடைக்காதபோது தெரியுமே, அந்தப் புள்ளி மழையை நிரப்பிவிட்டு, சுற்றியிருக்கும் படத்துக்கு ஒத்துவரும்படி அந்த இரைச்சலைப் படிப்படியாகத் துடைக்கும். துடைக்கத் துடைக்க உள்ளே ஒரு மரமோ சுவரோ தெளிந்து வரும். தொடங்கும் புள்ளி மழை ஒவ்வொரு தடவையும் வேறு என்பதால் விடையும் வேறாக வரும். அதனால்தான் சில ஆப்கள் மூன்று நான்கு படங்களைக் காட்டி 'எது வேண்டும்?' என்று கேட்கின்றன. இதைப் பார்த்ததும் நமக்குச் சட்டென்று உறைக்க வேண்டும். அங்கே உண்மையில் இருந்தது ஒன்றுதான். நான்கு விடை தருகிற ஒன்று ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கையில் இருப்பவை

கடைக்குப் போக வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் பிக்சல் 6 போனுடன் கூகுள் கொண்டுவந்த மேஜிக் இரேசர், 2024 மே மாதத்திலிருந்து கூகுள் போட்டோஸ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ரொம்பப் பழைய போனாக இருந்தால் வராது. சாம்சங் போன்களின் கேலரியிலேயே ஆப்ஜெக்ட் இரேசர் இருக்கும். 2024 ஜனவரியில் எஸ்24உடன் ஜெனரேட்டிவ் எடிட் என்று பெரிய அண்ணன் ஒன்றும் வந்தது. ஐபோனில் க்ளீன் அப், 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1உடன் வந்தது. 15 ப்ரோவும் அதற்கு மேற்பட்டவையும் வேண்டும். ஸ்னாப்சீட் ஆப்பில் ஹீலிங் என்று ஒன்று பல காலமாக இருக்கிறது. எளிமையான கருவி, ஆனால் கம்பிக்கும் முகப்பருவுக்கும் இன்றும் நான் முதலில் தொடுவது அதைத்தான். கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு 2023இல் போட்டோஷாப்பில் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் இருக்கிறது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். 'எடிட்' அழுத்தி உள்ளே அழிப்பான் படமோ, துடைப்பம் மாதிரிப் படமோ தெரிந்தால் அதுதான்.

எதைத் திறந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. வேண்டாததை விரலால் பூசுவது. பூசிய இடத்துக்கு மாஸ்க் என்று பெயர். சில கருவிகளில் வட்டம் போட்டாலே போதும், உள்ளே இருக்கும் பொருளின் எல்லையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சரி, கம்பி நாலு நொடியில் போனது. பைக்?

பைக் என்னை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் தடிமன் சுமார் 8 புள்ளி. படத்தின் முழு அகலத்துக்கும் ஓடினாலும் 32,000 புள்ளிதான், மொத்தப் படத்தில் 375இல் ஒரு பங்கு. பைக் இருந்த இடம் ஏறக்குறைய 900க்கு 700. 6 லட்சத்து 30 ஆயிரம் புள்ளி, 19இல் ஒரு பங்கு. ஆனால் பரப்பளவை விட முக்கியமானது ஒன்று உண்டு. கம்பியின் நடுவில் இருக்கும் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சாட்சி, அதாவது நமக்கு உண்மையாகத் தெரிந்த வானப் புள்ளி, நான்கே புள்ளி தூரத்தில் நிற்கிறது. பைக்கின் நடுப்புள்ளிக்கோ சாட்சி 350 புள்ளி தள்ளி நிற்கிறது. சாட்சி தூரத்தில் நின்றால் கதைதான் வரும். அதோடு, கம்பிக்குப் பின்னால் இருந்தது வெறும் வானம். பைக்குக்குப் பின்னால் இருந்தது ஆலமர விழுதுகள், மண் தரை, உதிர்ந்த சருகு, ஆச்சியின் சேலை முந்தானை.

முதல் தடவை பைக்கைச் சுற்றி அவசரமாக ஒரு வட்டம் போட்டேன். பைக் போனது. தரையில் அதன் நிழல் மட்டும் கிடந்தது. சக்கரம், சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் கறுப்பாக, அச்சாக. வண்டி இல்லாத வண்டியின் நிழல். சுடலைமாடன் கோயிலில் இப்படி ஒரு படத்தை எடுத்து மாட்டினால் ஊரில் வேறு கதை கிளம்பிவிடும். நிழலையும் பிரதிபலிப்பையும் சேர்த்துப் பூச வேண்டும் என்பது முதல் பாடம். ஆற்றுப் படித்துறையில் எடுத்த படங்களில் இது இன்னும் மோசம். குளிக்கிற ஆளை எடுத்துவிட்டு தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் ஆளை மறந்துவிடுவோம். சில புதிய கருவிகள் நிழலையும் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன, ஆனால் நம்பி விட வேண்டாம்.

இரண்டாம் தடவை நிழலையும் சேர்த்துப் பூசினேன். இப்போது தரை நன்றாக வந்தது. சருகுகள்கூடப் பொருத்தமாக விழுந்திருந்தன. ஆனால் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் ஆச்சியின் முந்தானையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அரக்குக் கரை ஒரு சாண் தூரத்துக்குக் கரைந்து தரையோடு தரையாகப் போயிருந்தது. பூசும்போது என் விரல் சேலை மேல் ஏறியிருக்கிறது. விரல் தடிமன், கருவி என்ன செய்யும்?

மூன்றாம் தடவை ஒரே மூச்சில் செய்வதை விட்டேன். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முதலில் மஞ்சப் பை. அடுத்து ஹேண்டில்பார், சேலைக்கு இந்தப் பக்கம் மயிரிழை விட்டு. அப்புறம் முன் சக்கரம், அப்புறம் பின் சக்கரம், கடைசியில் நிழல். துண்டு துண்டாகச் செய்வதில் ஒரு லாபம், முதல் துண்டில் வந்தது நன்றாக இருந்தால் அடுத்த துண்டுக்கு அதுவே சாட்சியாகிவிடும். ஒரு நஷ்டமும் உண்டு. முதல் துண்டில் பொய் வந்திருந்தால் அதுவும் சாட்சியாகிவிடும். பொருளின் விளிம்பைத் தாண்டி நாலைந்து புள்ளி அதிகமாகப் பூசுவது நல்லது, இல்லையென்றால் விளிம்பில் மிஞ்சிய நிறம் பேய் மாதிரி ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். ஆனால் பக்கத்தில் முகமோ கையோ துணியின் கரையோ இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கஞ்சத்தனமாகப் பூசுங்கள்.

முடித்ததும் போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். முழுசாகப் பெரிதாக்கி, நேர்கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். படிக்கட்டு, கதவு நிலை, ஓட்டு வரிசை, தூண். மனிதக் கண் நேர்கோடு வளைந்தால் உடனே பிடித்துவிடும், அதனால் தப்பு அங்கேதான் முதலில் மாட்டும். பிரிண்ட் பெரிதாகப் போட்டால் போனில் தெரியாதது எல்லாம் சுவரில் தெரியும்.

வேலையை எப்போது செய்வது என்பதிலும் ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை எடுத்து எடிட் செய்யாதீர்கள். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. சுருங்கிய படத்தில் ஊகிப்பதற்கான தகவலும் சுருங்கியிருக்கும். எடுத்தவரிடம் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே உதவாது

குற்றாலம் சீசனில் மெயின் அருவியை ஆள் இல்லாமல் எடுக்க எல்லோருக்கும் ஆசை. 2019இல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகப் போய்விட்டாலும் எங்களுக்கு அது இன்னும் நம்ம குற்றாலம்தான், அதனால் அந்த ஆசை எனக்கும் உண்டு. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எடுத்த படத்தில் இருந்த அத்தனை தலைகளையும் பூசிப் பார்த்தேன். அருவியின் கீழ்ப்பாதி முழுவதும் மாஸ்க். கருவி அசரவில்லை, அழகான ஒரு அருவியைக் கொடுத்தது. ஆனால் அது குற்றாலம் இல்லை. அடியில் உருண்டைப் பாறைகளும் நீலக் குட்டையும், எங்கோ மேல்நாட்டுக் காலண்டரில் பார்த்த மாதிரி. அந்தக் கருவி படித்த படங்களில் அருவி என்றால் அடியில் குட்டை இருந்திருக்கும் போல. நம் ஊர்ப் படங்களை எவ்வளவு குறைவாகப் பார்த்து அது வளர்ந்திருக்குமோ அவ்வளவுக்கு நம் ஊரை அது தப்பாக வரையும்.

கூட்டத்தை எடுக்க வேறொரு வழி இருக்கிறது, அதற்கு ஏ.ஐ.யே வேண்டாம். போனை அசையாமல் ஸ்டாண்டில் வைத்து அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். தரை நகராது. ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் படங்களின் எண்களையும் வரிசைப்படுத்தி நடு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால், பெரும்பாலான படங்களில் அங்கே தெரிந்தது எதுவோ அது நிற்கும், ஒன்றிரண்டு படங்களில் குறுக்கே வந்த ஆள் காணாமல் போவார். மீடியன் என்று சொல்லும் இந்த வசதி போட்டோஷாப்பில் இருக்கிறது. கோயில் பிராகாரத்துக்கும் படித்துறைக்கும் அருமையாக வரும். ஆள் போய் ஆள் வந்து நிற்கிற அருவிக்கடியில் பலிக்காது. இதில் ஓட்டையை அடைப்பது ஊகம் இல்லை, கேமரா உண்மையாகவே பார்த்த தரை. ஆச்சி கேட்ட கேள்விக்கு இந்த முறையில் மட்டும், "அடுத்த படத்துல இருந்து எடுத்தேன் ஆச்சி" என்று நேர்மையாகச் சொல்லலாம்.

எழுத்து இருக்கும் இடத்தில் அழிப்பானை வைக்கவே கூடாது என்பது என் தீர்மானம். அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீஸ்வரம் கோயில் தெரிந்திருக்கும். சுவர் நிறையச் சோழர் காலக் கல்வெட்டுகள், சோழர் படையான மூன்றுகை மகாசேனை பற்றிப் பேசும் கல்வெட்டும் அங்கேதான். நண்பர் ஒருவர் ஒரு கல்வெட்டுச் சுவரைப் படம் எடுத்தார். நடுவில் ஒரு மின்பெட்டியும் அதிலிருந்து ஓடும் குழாயும். அழித்துவிட்டு எனக்கு அனுப்பினார். பார்க்க அப்படியே பழைய கல். குழாய் இருந்த இடத்தில் வரிசையாக எழுத்துகள், மேலே கீழே உள்ள வரிகளோடு ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே தேய்மானம். படிக்கப் போனால் ஒன்றும் எழுத்தே இல்லை. 'ண' மாதிரி வளைந்து 'ழ' மாதிரி முடியும் ஏதோ ஒன்று, பக்கத்தில் கொம்பு முளைத்த சுழி. எழுத்தின் சாயல் மட்டும் அதற்குத் தெரியும், எழுத்து தெரியாது. கல்வெட்டு படிக்கத் தெரியாத ஒருவர் அதைப் பகிர்ந்தால், படிக்க முயல்கிற ஒருவர் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்! அந்தப் படத்தைக் கையோடு அழிக்கச் சொல்லிவிட்டேன்.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படங்களிலும் இதே கதைதான். குறுக்குத்துறைப் பக்கமும் மற்றப் படித்துறைகளிலும் தூண்களிலும் மரங்களிலும் குப்பையும் கொடியும் சிக்கிக்கிடந்தன. ஆறு அழகாகத் தெரிய வேண்டும் என்று அவற்றைத் துடைத்துப் போட்டவர்கள் உண்டு. அந்தக் குப்பை நின்ற உயரம்தான் தண்ணீர் வந்த உயரம். அழகுக்கு இன்னொரு நாள் போய் எடுத்துக்கொள்ளலாமே.

மனிதர்களை எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் அதிகம் வருகிற வேண்டுகோள் அதுதான். பின்னால் குறுக்கே போன முன்பின் தெரியாதவரை எடுப்பதில் சிக்கல் இல்லை. உறவுக்காரரை எடுக்கச் சொல்லும்போதுதான் சிக்கல். ஒரு வீட்டில் சொத்துத் தகராறு. அந்த வீட்டு அத்தையின் அறுபதாம் கல்யாணப் படத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், "அவுகள மட்டும் எடுத்துரு" என்று கேட்டார்கள். எடுத்தேன். அவர் நின்ற இடத்தில் பந்தல் துணி அழகாக மடிந்து விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அத்தையின் தோளில் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. அவர் தன் தங்கச்சியான அந்த அத்தையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், நான் ஆளைப் பூசும்போது பின்னாலிருந்து வந்த கையைக் கவனிக்கவில்லை. அந்த விரல்களையும் அழிக்க எனக்கு மனசு வரவில்லை. முடியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொழில்நுட்பம் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது.

இதெல்லாம் ஏ.ஐ. வந்த பிறகு தொடங்கியதும் இல்லை. மாஸ்கோ கால்வாய் ஓரம் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற, அவருடைய ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த நிக்கோலாய் யெஷோவ் 1940இல் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்து நிரப்பினார்கள். அப்போது அதற்குக் கைதேர்ந்த ஒரு ஓவியர் தேவைப்பட்டார். இன்று ஒரு விரல் போதும்.

ஆரம்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் சில. சில கருவிகள் போனுக்குள்ளேயே வேலையை முடிக்கும், ஆப்பிளின் க்ளீன் அப் அப்படி. சில, படத்தை இணையம் வழியாகத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் முடிக்கும். டேட்டாவை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள், எது எந்த ரகம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தேடினால் கிடைக்கிற முகம் தெரியாத 'இலவச' தளங்களில் குழந்தைகள் படத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் ஏற்றாதீர்கள். ஸ்டுடியோக்காரர் சாம்பிள் படத்தில் போட்டிருக்கும் பெயரை அழிப்பது அவர் கூலியை அழிப்பது. ஆதாரிலும் பத்திரத்திலும் இந்த விளையாட்டு வேண்டாம், அது போலி ஆவணம், வழக்காகிவிடும். எடிட் செய்ததைத் தனிப் பிரதியாகவே சேமியுங்கள், அசல் அசலாக இருக்கட்டும். சாம்சங்கின் ஜெனரேட்டிவ் எடிட் படத்தின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் போடும். அதை வெட்டி எடுக்க வழி கேட்டு என்னிடம் வருகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட மலிவானது. படம் எடுக்கும் முன் இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். கம்பி பெரும்பாலும் அந்த இரண்டு அடியில் போய்விடும். பைக்காரரிடம் தள்ளி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். கொடை அன்றைக்கு எனக்குத்தான் அது தோன்றவில்லை.

ஆச்சி படம் பதினெட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு நடுவீட்டில் மாட்டியாகிவிட்டது. போன வாரம் சித்தப்பா மகன் வந்தான். பைக் அவனுடையதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என் வண்டிய எங்கண்ணே?"

எடுத்துவிட்டேன் என்றேன். கிட்டே போய் வண்டி நின்ற இடத்தில் விரலை வைத்தான். அங்கே இப்போது தடியாக ஒரு விழுது இறங்கி, மண்ணில் ஊன்றி நிற்கிறது. பட்டையில் வெடிப்பு, அடியில் இரண்டு சருகு, மாலை வெயில் படும் பக்கம் மட்டும் லேசாகப் பொன்னிறம். நான் மூன்றாம் தடவை பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று விட்ட இடம்.

"இங்கன ஏதுண்ணே விழுது?" என்றான். "நான் டெய்லி அங்கனதான் வண்டிய விடுதேன்."